கனத்த நாதத்தின் விஞ்ஞானம்

2007-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17-ஆம் தேதி பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் என்னும் ஆங்கிலேய இசைக்குழு மேடையேறியபோது, தேசத்தின் பல திசைகளிலிருந்தும் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து திரண்டிருந்த இளைஞர்களிற் பெரும்பாலோர் அக்குழுவினரை அதற்கு முன் நேரிற் கண்டவர்கள் அல்லர். ஆயினும் பாட்டுக்களின் ஒவ்வோர் அடியையும், கிதார்கள் இணைந்து செல்லும் ஒவ்வொரு வளைவையும், டிரம்ஸின் ஒவ்வொரு திருப்பத்தையும் அவர்கள் மனப்பாடமாக அறிந்திருந்தார்கள். காஸெட்டுகளும் குறுந்தட்டுகளும் கால் நூற்றாண்டுக் காலமாகக் கொண்டுவந்து சேர்த்த அந்தப் பரிச்சயத்துக்குப் பின்னால், மேடையில் தோன்றாத ஒரு மனிதருடைய உழைப்பு இருந்தது. 1981-இல் வெளியான ‘கில்லர்ஸ்’ முதல் 1992-இல் வெளியான ‘ஃபியர் ஆஃப் தி டார்க்’ வரை அக்குழுவின் எட்டு ஆல்பங்களுக்குப் புரொட்யூஸராக இருந்தவர் மார்ட்டின் பர்ச். அதற்கும் முன்பே டீப் பர்ப்பிள் குழுவின் ஒலிப்பதிவாளராகவும், ரெயின்போ, பிளாக் ஸாபத் ஆகிய குழுக்களின் புரொட்யூஸராகவும் விளங்கி, 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் காலமான அந்த மனிதரின் முகத்தை அறிந்த ரசிகர் சிலரே. அவருடைய செவியின் தீர்ப்பைக் கேட்டு அநுபவிக்காத ஹெவி மெட்டல் ரசிகரோ உலகில் எங்கும் இல்லை.

அவர் செய்த காரியம் யாது? சினிமாவில் முதல் போடுபவரைத் தயாரிப்பாளர் என்று அழைத்துப் பழகிய நமக்கு, இசைத்தட்டு உலகின் புரொட்யூஸர் பணத்தோடு நின்றுவிடுபவர் அல்லர் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எந்தப் பாட்டை ஏற்பது, எதைக் கழிப்பது, எந்தச் சுருதியில் எந்த வேகத்தில் வாசிப்பது, எந்த அறையில் பதிவு செய்வது, எந்த மைக்கை எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது, தனித்தனி டிராக்குகளில் பதிந்தவற்றை எந்த விகிதத்தில் கலப்பது என்ற தீர்மானங்கள் யாவும் அவருடைய பொறுப்பு. இவை வெறும் ருசியைப் பற்றிய விஷயங்களாகத் தோன்றினும், ஒவ்வொன்றின் அடியிலும் ஒலியின் பௌதிக நியதியும் மனிதச் செவியின் இயல்பும் இருந்து ஆட்சி செய்கின்றன. ஹெவி மெட்டல் என்ற பெயரிலேயே உள்ள அந்தக் கனம், சப்தத்தை உரக்க வைப்பதனால் உண்டாவதாகப் பலர் எண்ணுகிறார்கள். உரப்பை யார் வேண்டுமானாலும் கூட்டிவிடலாம். கனத்தையோ, எந்த ஒலிக்கு எந்த இடம் என்று பங்கிட்டுக் கொடுத்து, மிகுந்ததை நீக்கி, இடைவெளியைக் காத்தே உண்டாக்க வேண்டும் என்பதுதான் நல்ல புரொட்யூஸர்களின் வேலை நமக்குப் புலப்படுத்தும் உண்மை.

இதைப் பெங்களூரில் வைத்துப் பேசுவதற்குத் தக்க காரணம் உண்டு. 1970-களில் ஹ்யூமன் பாண்டேஜ் என்ற குழு இந்நகரிலிருந்து புறப்பட்டு வடநாட்டு மேடைகளிலும் பெயர் பெற்றது. பின்னர் மில்லேனியம் போன்ற குழுக்கள் ஹெவி மெட்டலை ஊன்றின. 1996-இல் தெர்மல் அண்ட் எ குவார்ட்டரும், 1998-இல் கிரிப்டாஸும் தோன்றின. சுதந்தர தினத்தையொட்டி நடந்த ஃப்ரீடம் ஜாம் கச்சேரிகளும், தேசியச் சட்டப் பள்ளி மாணவர்கள் நடத்திய ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் போட்டியும் எத்தனையோ இளைஞர்களுக்கு முதல் மேடையாயின. ரோலிங் ஸ்டோன்ஸ் 2003-லும், மெட்டாலிகா 2011 அக்டோபர் 30-ஆம் தேதியும், ஸ்லேயர் 2012-லும் வந்து வாசித்த ஊர் இது. இதே ஊரில்தான் இசைக் கருவிகளின் நாதத்தைக் கணிதத்தாலும் பரிசோதனையாலும் ஆராய்ந்த சர் சி. வி. ராமன் 1933-இல் வந்து இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைமையை ஏற்று, 1948-இல் தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையத்தையும் நிறுவினார். மின்சாரக் கிதாரும் மிருதங்க ஆராய்ச்சியும் ஒரே நகரத்தின் சொத்துக்களாக இருப்பதனால், ஒன்றின் வெளிச்சத்தில் மற்றொன்றை நோக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது.

முதலில் செவியைப் பார்ப்போம். மனிதச் செவி விநாடிக்கு 20 முதல் 20,000 வரையுள்ள அதிர்வுகளை ஒலியாக உணரும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் எல்லா அதிர்வுகளையும் அது ஒரே கூர்மையோடு கேட்பதில்லை என்பதை 1933-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ஹார்வி ஃப்ளெட்சரும் வைல்டன் மன்சனும் அளந்து காட்டினார்கள். 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியிலேதான் நம் செவி மிகக் கூர்மையானது. தாழ்ந்த ஸ்தாயியிலோ, ஒலி மெல்லியதாக இருக்குமளவும் அது மந்தமாகவே இருந்து, ஒலி உரக்க உரக்கத்தான் விழித்துக்கொள்கிறது. ஸ்டூடியோவில் ஸ்பீக்கரை முழுவதும் திருகிவிட்டுக் கலவை செய்பவர், பேஸ் கிதாரும் கிக் டிரம்மும் நிறைவாக ஒலிக்கின்றன என்று மகிழ்ந்து போவதும், அதே பதிவை இரவில் அடக்கமாக வைத்துக் கேட்கும் வீட்டுக்காரருக்கு அடித்தளம் முழுதும் கரைந்துபோய்க் கிதாரின் கூச்சல் மட்டும் எஞ்சுவதும் இக்காரணத்தினால்தான். அநுபவமுள்ளவர்கள் பேச்சுக் குரலுக்குச் சற்றே மேற்பட்ட அளவில் நெடுநேரம் கேட்டு வேலை செய்து, எப்போதாவது மட்டும் உரக்க வைத்துச் சரிபார்ப்பது இந்த இயல்பை அறிந்து கைக்கொண்ட ஒழுக்கமாகும்.

இனி, கிதாரின் கனத்தை நோக்குவோம். வால்வு ஆம்ப்ளிபையரைத் தாங்கும் அளவுக்கு மேல் தூண்டினால், தந்தியின் அதிர்வலை முகடும் அடியும் வெட்டுண்டு வெளிவருகிறது. வெட்டுண்ட அலையில் மூல ஸ்வரத்தின் இரு மடங்கு, மும்மடங்கு, ஐந்து மடங்கு என்று மேற்சுரங்கள் பல புதிதாகச் சேர்கின்றன. இதுவே டிஸ்டார்ஷன். ஒரு தந்தியின் நாதத்தை மேற்சுரங்களால் செழிக்கச் செய்வது நமக்குப் புதிய விஷயம் அன்று. தம்பூராவின் குதிரைமேல் தந்திக்கடியில் வைக்கும் ஜீவா நூலும், குதிரையின் வளைந்த மேற்பரப்பும் சேர்ந்து, சாதாரண விதிப்படி ஒலிக்கக் கூடாத மேற்சுரங்களையும் எழுப்பிவிடுகின்றன என்பதை ராமன் 1921-லேயே எழுதினார். தம்பூரா இயற்கையான அதிர்வினால் பெறும் செழுமையை மின்சாரக் கிதார் ஆம்ப்ளிபையரின் எல்லை மீறலால் பெறுகிறது. ஆனால் இங்கே ஒரு விசேஷம் உண்டு. இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டினால், வெட்டுண்ட அலை அவற்றின் மேற்சுரங்களைத் தருவதோடு நில்லாது, இரண்டின் வித்தியாசத்துக்குச் சமமான ஒரு புதிய ஸ்வரத்தையும் படைக்கிறது. கிதாரின் தாழ்ந்த தந்தி ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸ். அதன் பஞ்சமம் 123 ஹெர்ட்ஸ். இரண்டையும் ஒருங்கே மீட்டும்போது வித்தியாசமாகிய 41 ஹெர்ட்ஸ், அதாவது மூல ஸ்வரத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி தாழ்ந்த ஷட்ஜம், வாசிக்காமலேயே வந்து நிற்கிறது. ஷட்ஜ பஞ்சமத்தோடு காந்தாரத்தையும் சேர்த்தாலோ, மேலைநாட்டுச் சமவீதச் சுருதிமுறையில் அந்தக் காந்தாரம் சற்றே விலகி நிற்பதனால் வித்தியாச ஸ்வரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் மோதி, நாதம் கலங்கிப் போகிறது. ராக் இசையில் ஷட்ஜ பஞ்சமச் சேர்க்கையே பெருவழக்காக அமைந்ததற்கு இந்தக் கணக்கே காரணம்.

பிளாக் ஸாபத் குழுவின் கிதார் வித்வான் டோனி அயோமி, பர்மிங்ஹாமில் ஓர் உலோகத் தகடு ஆலையில் வேலை செய்தபோது வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ள அவர் தந்தியை அழுத்துவது அந்த வலக்கையினால்தான். பிளாஸ்டிக்கினால் நுனி செய்து பொருத்திக்கொண்டு வாசித்த அவர், தந்தியின் இறுக்கத்தைத் தளர்த்தினால் அழுத்துவது எளிதாகும் என்று கண்டு, 1971-இல் வெளியான ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ ஆல்பத்தில் பல பாட்டுக்களுக்குச் சுருதியை மூன்று அரை ஸ்வரங்கள் தாழ்த்தினார். 82 ஹெர்ட்ஸ் தந்தி 69-க்கு இறங்கியது. அக்குழுவின் முதல் மூன்று ஆல்பங்களுக்கும் புரொட்யூஸராக இருந்தவர் ராட்ஜர் பெய்ன். 1969 அக்டோபரில் லண்டனில் ஏறத்தாழ ஒரே நாளில் பதிவான முதல் ஆல்பம், மழையின் ஓசையோடும் தூரத்து மணியோசையோடும் தொடங்குகிறது. அந்த ஓசைகள் பதிவுக்குப் பின் சேர்க்கப்பட்டவை. மெல்லிய மழையில் செவி அடங்கிக் காத்திருக்கும் நிலையில், ஷட்ஜத்திலிருந்து பிரதி மத்தியமத்துக்குத் தாவும் அந்த மூன்று ஸ்வரங்கள் வந்து விழுகின்றன. கிதாரின் ஒலியளவை ஒரு டெசிபெல்கூட உயர்த்தாமல், அதற்கு முன்னிருக்கும் அமைதியை அமைத்தே கனத்தைப் பெருக்கலாம் என்பதற்கு அதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

டிரம்ஸின் விஷயம் இதைவிட நுட்பமானது. வட்டமான தோலைச் சீராக இழுத்துக் கட்டி அடித்தால் எழும் மேற்சுரங்கள் மூல ஸ்வரத்தின் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று பின்னங்களாகவே அமைவதால், அதில் நிலையான சுருதி பிறப்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே இடும் கரணை இந்த நியதியை மாற்றிவிடுகிறது என்பதை ராமன் முதலில் 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ பத்திரிகையில் அறிவித்து, பின்னர் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான அகாடமியின் வெளியீட்டில் விரிவாக நிறுவினார். கரணையின் பாரத்தினால் தோலின் ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்து சீரிசைகளாகத் தொகுபடுகின்றன. தந்தி வாத்தியத்துக்குரிய சுருதி சுத்தம் ஒரு தோற்கருவிக்குக் கிட்டுகிறது. ராக் இசையின் டிரம்ஸுக்கு இந்தப் பேறு இல்லை. சுருதி இல்லாத அந்த ஒலியை, கிதார்களின் சுருதியோடு மோதாமலும், அவற்றில் அமிழ்ந்து போகாமலும் நிறுத்துவது புரொட்யூஸரின் பாடாகிவிடுகிறது. தோலின் இறுக்கத்தைத் திருகித் திருகிப் பாட்டின் சுருதிக்கு அநுகூலமாக்குவதும், கிக் டிரம்மினுள் கம்பளியைத் திணித்து அதன் ரீங்காரத்தைக் குறைப்பதும், தோலில் டேப் ஒட்டுவதும், நம் வித்வான்கள் கச்சேரிக்கு முன் கல்லும் குச்சியும் கொண்டு வாரைத் தட்டிச் சரிசெய்யும் அதே பொறுமையைக் கேட்கும் காரியங்கள். ஹ்யூமன் பாண்டேஜ் குழுவில் டிரம்ஸ் வாசித்தவரும் சென்னையிற் பிறந்தவருமான ரமேஷ் ஷோத்தம், டி. ஏ. எஸ். மணி 1964-இல் பெங்களூரில் தொடங்கிய கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரியில் பின்னர் நம் தாளக் கருவிகளைப் பயின்று இரண்டு உலகங்களிலும் வாசித்து வந்திருப்பது, இவ்விரண்டு ஞானங்களும் ஒரே கையில் தங்கக்கூடியவை என்பதற்குச் சான்று.

டிரம்ஸின் ஒலியில் பாதி அறையின் ஒலி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் ஸபின் 1895 முதல் இருக்கை மெத்தைகளை ஓர் அரங்கிலிருந்து மற்றோர் அரங்குக்குத் தூக்கிச் சென்று அளந்து பார்த்து, அறையின் கன அளவு பெருகினால் எதிரொலி நீடிக்கும் என்றும், ஒலியை உறிஞ்சும் பொருள் பெருகினால் அது குறுகும் என்றும் ஒரு சூத்திரம் கண்டார். 1971-இல் வெளியான லெட் ஸெப்பலின் குழுவின் நான்காவது ஆல்பம், ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ என்னும் பாட்டோடு முடிகிறது. இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையில், மூன்று மாடி உயரமுள்ள படிக்கூடத்தின் அடியில் டிரம்ஸை வைத்து, மேல்மாடியிலிருந்து இரண்டு மைக்குகளை மட்டும் தொங்கவிட்டுப் பதிவு செய்தார் ஆண்டி ஜான்ஸ். ஆல்பத்தின் புரொட்யூஸர் கிதார் வித்வான் ஜிம்மி பேஜ். விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் வேகத்தில் செல்லும் ஒலி, சுவர்களில் மோதி மோதி மேலேறி மைக்கை அடையும்போது, ஓர் அடி பல அடிகளின் பருமனைப் பெற்றுவிடுகிறது. அதே ஆண்டு டிசம்பரில், ஸ்விட்ஸர்லாந்தின் மான்ட்ரோ நகரில் பதிவு செய்ய உத்தேசித்திருந்த காஸினோ தீக்கிரையானதால், டீப் பர்ப்பிள் குழுவினர் குளிர்காலத்துக்காகப் பூட்டிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரத்தில் மெத்தைகளைச் சுற்றிலும் நிறுத்தி எதிரொலியை அடக்கிக்கொண்டு ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள்; வெளியே நின்ற லாரி ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளராக அமர்ந்திருந்தவர் மார்ட்டின் பர்ச். ஒருவர் எதிரொலியைத் தேடிச் சென்றார். மற்றவர் அதைத் தணிக்க மெத்தை தேடினார். இரண்டும் தம் தம் பாட்டின் வேகத்துக்குப் பொருந்தியவை.

இந்த வேகத்தின் கணக்கைச் சற்று விரித்துச் சொல்லுவது தகும். நிமிஷத்துக்கு 70 அடி செல்லும் மந்தமான பாட்டில் இரண்டு அடிகளுக்கு இடையே முக்கால் விநாடிக்கு மேல் அவகாசம் இருப்பதால், படிக்கூடத்தின் முழக்கம் அந்த இடைவெளியை நிரப்பிப் பருமனைத் தருகிறது. நிமிஷத்துக்கு 200 அடி செல்லும் பாட்டில், அடிக்கு நான்கு வீதம் கிதார் வாசித்தால், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் 75 மில்லி விநாடியே கிடைக்கிறது. அங்கே ஒன்றரை விநாடி எதிரொலியை அநுமதித்தால் இருபது ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து யாவும் கூழாகிவிடும். 1986-இல் ஸ்லேயர் குழுவின் ‘ரெய்ன் இன் பிளட்’ ஆல்பத்துக்குப் புரொட்யூஸராக வந்த ரிக் ரூபின், அக்காலத்து ராக் இசையில் எங்கும் நிறைந்திருந்த எதிரொலியைப் பெரும்பாலும் துடைத்தெறிந்தார். சுமார் 29 நிமிஷங்களில் முடிந்துவிடும் அந்த ஆல்பத்தில் ஒவ்வோர் அடியும் காதருகிலேயே விழுந்து உடனே மறைகிறது. அந்த வறட்சியே அதன் உக்கிரம். பெங்களூரின் குழுக்களிலும் இந்த இரு வழிகளுக்கு உதாரணம் உண்டு: பெவார் சீ குழுவின் மந்தகதிக்கு ஏற்ற அறையை, விரைந்து பாயும் கிரிப்டாஸுக்குக் கொடுக்க முடியாது.

அடுத்து, ஒலிகள் ஒன்றையொன்று மறைக்கும் இயல்பு. கல்யாண வீட்டில் தவில் முழங்கும்போது பக்கத்தில் அமர்ந்து பேசுபவரின் சொல் நம் காதை எட்டாமற் போவதை யாவரும் அறிவோம். ஓர் அதிர்வெண்ணில் உரத்து நிற்கும் ஒலி, அதற்கு அண்மையிலும் அதற்கு மேலும் உள்ள மெல்லிய ஒலிகளை உட்செவியிலேயே விழுங்கிவிடுகிறது. 1988-இல் வெளியான மெட்டாலிகாவின் ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தில் பேஸ் கிதார் ஏறக்குறையக் கேட்பதே இல்லை. குழுவினரின் விருப்பப்படியே அதைத் தணிக்க நேர்ந்தது என்று கலவை செய்தவர்களுள் ஒருவர் பின்னர் கூறியிருக்கிறார். அவ்வாறு தணிக்கப்பட்டதோடு, பேஸ் பெரும்பாலும் கிதாரின் வழியையே அடியொற்றிச் சென்றதும், கிதார்களில் நடுப்பகுதியைக் குறைத்து அடிப்பகுதியைக் கூட்டியிருந்ததும் சேர்ந்து, எஞ்சியிருந்த சிறிதையும் மறைத்துவிட்டன.

மூன்றாண்டுகளுக்குப் பின், 1991-இல், குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டு வெளிவந்த ஆல்பத்துக்குப் பாப் ராக் என்பவர் புரொட்யூஸரானார். அவர் பேஸுக்குத் தாழ்ந்த ஸ்தாயியைத் தனியே ஒதுக்கி, கிக் டிரம்முக்கு அடியில் ஒரு முழக்கத்தையும் மேலே 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிக் கட்டை தோலில் படும் ‘டிக்’ என்ற ஓசையையும் கொடுத்து, கிதார் அவ்விரண்டுக்கும் நடுவே அகன்று நிற்கும்படி செய்தார். தனித்தனியாகப் பதிந்து ஒட்டிப் பழகியிருந்த குழுவினரை ஒரே அறையில் நின்று ஒருங்கே வாசிக்கச் சொன்னதும் அவரே. எட்டு மாதங்களுக்கு மேல் நீண்டு, பலமுறை வாக்குவாதத்தில் முடிந்து, மூன்று முறை கலவை செய்யப்பட்ட அந்த ஆல்பத்தின் ஸ்வரங்கள் முந்தியதைவிடக் குறைவு, வேகமும் குறைவு, கனமோ பன்மடங்கு. 2011-இல் அரண்மனை மைதானத்தில் அந்தப் பாட்டுக்கள் எழுந்தபோது நிலத்தில் உணரப்பட்ட அதிர்வுக்கு வித்திட்டது, இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு ஸ்டூடியோவில் செய்த அந்தப் பங்கீடு.

கிதாரை இருபுறமும் பரப்பிக் காட்டும் முறையிலும் செவியின் ரகசியமே தொழிற்படுகிறது. ஒரே வாசிப்பை நகலெடுத்து இடது ஸ்பீக்கரிலும் வலது ஸ்பீக்கரிலும் வைத்தால், செவி அவ்விரண்டையும் ஒன்றென்றே கொண்டு நடுவில் நிறுத்திவிடும். ஒரே பகுதியை வித்வான் இரண்டு முறை வாசித்துத் தனித்தனியே பதிந்து இருபுறமும் வைத்தால், சில மில்லி விநாடிகளிலும் சுருதியின் அணுப் பிரமாணத்திலும் அவை வேறுபடுவதனால், பெரிய ஒரு கிதார் இருபுறமும் விரிந்து சூழ்ந்துகொள்வதாகத் தோன்றும். ஏறக்குறைய 30 மில்லி விநாடிக்குள் வந்து சேரும் இரண்டு ஒலிகளைச் செவி தனித்தனியே பிரித்து எண்ணுவதில்லை என்று 1949-இல் ஹெல்முட் ஹாஸ் கண்டறிந்த உண்மை இதற்கு ஆதாரம். வித்வான் இரண்டாம் முறை வாசிக்கும்போது வேறுபாடு மிகுந்தால் தடுமாற்றமாகவும், குறைந்தால் நகலாகவும் கேட்கும். இந்த நூலிழை அளவை இயந்திரம் சொல்லாது, எதிரே அமர்ந்து கேட்பவரின் செவியே சொல்ல வேண்டும். அயர்ன் மெய்டனின் ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’ பாட்டின் தொடக்கத்தில் வரும் மெல்லிய வரிகளைப் பாடகர் புரூஸ் டிக்கின்ஸன் மணிக்கணக்காகத் திரும்பத் திரும்பப் பாடியும் மார்ட்டின் பர்ச் திருப்தி அடையவில்லை என்பதும், அந்தச் சலிப்பும் ஆத்திரமும் திரண்டே பின்னர் வரும் நெடிய அலறலாக வெளிப்பட்டது என்பதும் ரசிகர் அறிந்த வரலாறு. அந்தப் பொறுமையைப் பௌதிக சாஸ்திரத்தால் அளக்க முடியாது. எனினும் அதுவும் புரொட்யூஸருடைய கருவிகளுள் ஒன்று.

உரப்பும் கனமும் வேறு என்பதை இசையுலகம் நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட ஒரு காலமும் உண்டு. கம்ப்ரஸர் என்னும் கருவி, குறித்த அளவைத் தாண்டும் ஒலியை விகிதப்படி தணிக்கிறது. நான்குக்கு ஒன்று என்று வைத்தால், எல்லையை நான்கு டெசிபெல் மீறிய அடி ஒரு டெசிபெல் மட்டுமே மீறும். அளவோடு கையாண்டால் மெல்லிய ஸ்வரமும் பலத்த ஸ்வரமும் அருகருகே வந்து வாசிப்பு உறுதி பெறும். ஆனால் குறுந்தட்டில் உச்சத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையில் நின்றபடியே சராசரி ஒலியை உயர்த்த வேண்டுமென்றால் முகடுகளை நசுக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்தவர் தட்டைக் காட்டிலும் நம் தட்டு உரத்து ஒலிக்க வேண்டும் என்ற போட்டியில், தொண்ணூறுகள் தொடங்கி அப்படியே நசுக்கினார்கள். 2008-இல் ரிக் ரூபின் புரொட்யூஸராக இருந்து வெளிவந்த மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெட்டிக்’, டிரம்ஸின் முகடுகள் தட்டையாகி வெடிப்பொலி கலந்து கேட்டதனால், ரசிகர்களே மனுச் செய்யும் நிலைக்கு வந்தது. அதே பாட்டுக்கள் ஒரு வீடியோ விளையாட்டுக்காக நசுக்காமல் கொடுக்கப்பட்டிருந்த வடிவம் தெளிவாகவும் கனமாகவும் இருந்ததை அவர்கள் ஒப்பிட்டுக் கேட்டுவிட்டார்கள். 16 பிட் குறுந்தட்டில் மெல்லியதற்கும் உரத்ததற்கும் இடையே 96 டெசிபெல் அவகாசம் இருந்தும், அதில் ஒரு மூலையை மட்டும் உபயோகித்து மற்றதை வீணாக்கிய காலம் அது. இக்காலத்து இணைய இசைச் சேவைகள் பலவும் எல்லாப் பாட்டுக்களையும் ஒரே சராசரி அளவுக்குக் கொண்டுவந்து ஒலிபரப்புவதால், நசுக்கிய பாட்டுக்கு உரப்பினால் வரும் லாபம் ஒழிந்து, நசுங்கலின் நஷ்டம் மட்டுமே எஞ்சுகிறது.

இன்று ஒரு லாப்டாப்பும் இரண்டு மைக்குகளும் இருந்தால் படுக்கையறையிலேயே ஆல்பம் செய்துவிடலாம். ஆம்ப்ளிபையரின் குணத்தைக் கணக்கிட்டுத் தரும் மென்பொருள்கள் உண்டு; அடித்த ஸ்னேர் டிரம்மின் ஒலியை நீக்கி, வேறெங்கோ பதிந்த ஸ்னேரை வைக்கும் வசதியும் உண்டு. பண வசதியில்லாத இளைஞர்களுக்கு இவை வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் எல்லோரும் ஒரே ஸ்னேரையும் ஒரே ஆம்ப்ளிபையரின் நிழலையும் உபயோகித்தால், பெங்களூரில் பதிந்ததும் ஸ்டாக்ஹோமில் பதிந்ததும் ஒரே அச்சில் வார்த்தனவாகிவிடும். படிக்கூடமோ ஹோட்டல் தாழ்வாரமோ கொடுத்த தனித்தன்மையை இயந்திரத்தின் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க முடியாது. தன் அறையில் கைதட்டிப் பார்த்து, எதிரொலியைக் கேட்டு, மைக்கை ஒரு சாண் நகர்த்தி, மறுபடியும் கேட்டுப் பார்ப்பவனுக்கே அது அகப்படும்.

கேட்கும் வித்தையைக் கற்பிக்க இந்நகரத்துக்கு யோக்கியதை குறைவில்லை. இந்திய விஞ்ஞானக் கழகத்தில் எம். எல். முஞ்சால் போன்றோர் இயந்திரங்களின் இரைச்சலை அடக்கும் ஒலியியலை உலகம் மதிக்கும் அளவுக்கு வளர்த்திருக்கிறார்கள். மிருதங்கத்தின் கரணையில் மறைந்திருந்த கணிதத்தை வெளிப்படுத்திய ராமன் இங்கேயே வாழ்ந்தார். தாளவாத்தியக் கல்லூரிகளும் கிதார் வகுப்புகளும் பேட்டைதோறும் இருக்கின்றன. இவை ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே நடப்பதுதான் குறை. இசைக் கல்லூரியில் ஒலியியலையும், பொறியியற் கல்லூரியில் இசை கேட்கும் பயிற்சியையும் பாடமாக வைத்து, குழுக்கள் வாடகைக்கு எடுக்கக்கூடிய நல்ல எதிரொலி உள்ள அறைகள் சிலவற்றைக் கட்டிக் கொடுத்து, கிதார் வாசிப்பவனுக்குத் தரும் கைதட்டலில் ஒரு பங்கைக் கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்து கேட்பவனுக்கும் தர நாம் பழகிவிட்டால், இந்நகரத்து இளைஞர்களிடமிருந்து மார்ட்டின் பர்ச்சுக்கு நிகரான செவிகள் தோன்றுவது அரிதன்று. திறமையாக வாசிப்பவர்கள் இங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களுடைய வாசிப்பில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று அறிவோடும் அன்போடும் சொல்லக்கூடியவர்களை வளர்ப்பதே இனி நாம் செய்ய வேண்டிய பணி.